பி0171: சென்சார் மாற்றிய மூன்றாம் நாள் மறுபடியும் விளக்கு

11 மே 2025, இரவு 9.40

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு சிக்னலில் நிற்கும்போது செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினார்கள், வந்த கோளாறு கோட்: பி0171. "ஆக்சிஜன் சென்சார் போச்சுங்க" என்றார்கள். 4,800 ரூபாய். மாற்றினேன், விளக்கு அணைந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் எரிகிறது. அதே பி0171.

என் கட்சி இதுதான்: ஸ்கேனர் பொய் சொல்கிறது. மெஷின் சொன்னதை மாற்றியாயிற்று, இன்னும் என்ன?

வேறு அறிகுறிகள்: மைலேஜ் 16-லிருந்து 13-க்கு இறங்கிவிட்டது. பிளக் கழற்றிப் பார்த்தேன், நாலிலும் கரி. துடைத்துப் போட்டேன். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று ஒரு சத்தம், டேப்பெட் (வால்வைத் தட்டும் பாகம்) என்று நினைக்கிறேன், இரண்டு நிமிடத்தில் போய்விடும். பிக்கப்பில் குறை இல்லை.

12 மே, காலை

நேற்று எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். ஸ்கேனர் சென்சாரை மாற்று என்று சொல்லவே இல்லை. சொன்னது ஒர்க்‌ஷாப்.

பி0171-க்கு அர்த்தம் 'பேங்க் 1-இல் கலவை மெலிவு'. பேங்க் என்றால் சிலிண்டர் வரிசை. அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்று ஈசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) நினைக்கிறது. முதல் எழுத்து பி என்றால் என்ஜின், கியர் பக்கம். பி-க்கு அடுத்த 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோட், 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோட். அதற்கடுத்த எண் எந்த இலாகா என்று காட்டும்: 1, 2 என்றால் எரிபொருளும் காற்றும், 3 என்றால் இக்னிஷன், மிஸ்ஃபயர், 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. எந்தப் பாகம் கெட்டது என்பது இதில் எங்கேயும் இல்லை. காய்ச்சல் 102 என்று தெர்மாமீட்டர் காட்டுகிறது, நாம் தெர்மாமீட்டரை மாற்றிவிட்டு வந்திருக்கிறோம்.

(நிஜமாகவே அதுதான் நடந்திருக்கிறது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து மெலிவு என்று தகவல் சொன்னதே அந்த சென்சார்தான்.)

14 மே

சொந்தமாக ஒரு ப்ளூடூத் டாங்கிள் வாங்கினேன், வண்டியில் மாட்டினால் ஸ்கேனர் காட்டுவதைப் போனில் காட்டும். 450 ரூபாய்க்கு வந்தது போனோடு சேர்ந்தது, காரோடு சேரவில்லை. பெட்டியில் வெர்ஷன் 2.1 என்று பெருமையாகப் போட்டிருந்தது. ஈஎல்எம்327 என்ற டாங்கிள் சிப்பின் மலிவு விலை நகல்களில் 2.1 என்று வருபவற்றில் நிறைய, பாதி கட்டளைகளைக் கத்தரித்துவிட்ட சரக்கு. திருப்பி அனுப்பிவிட்டு 1.5 என்று எழுதியிருந்ததை 1,100-க்கு வாங்கினேன், உடனே பிடித்துக்கொண்டது. ஐபோன்காரர்கள் கவனம்: சாதாரண ப்ளூடூத் டாங்கிள் உங்களுக்கு ஒத்துவராது, வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ வகை வேண்டும்.

டாங்கிள் மாட்டும் சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே இருக்கிறது. 16 பின். அதில் 16-ஆவது பின்னுக்கு பேட்டரியிலிருந்து நேரடி கரண்ட், சாவியை எடுத்தாலும் இருக்கும். அதனால் டாங்கிளை அப்படியே விட்டுவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போகாதீர்கள்.

14 மே, இரவு

ஃப்ரீஸ் ஃப்ரேம் பார்த்தேன். கோட் பதிவான அந்த நொடியில் வண்டி எப்படி இருந்தது என்பதை ஈசியூ ஒரு போட்டோ எடுத்த மாதிரி வைத்திருக்கும். ஒர்க்‌ஷாப்பில் இதை யாரும் திறந்து பார்க்கவே இல்லை.

வேகம் 0. ஆர்பிஎம் 760. கூலன்ட் 91 டிகிரி. ஷார்ட் டெர்ம் டிரிம் +8, லாங் டெர்ம் டிரிம் +18.

டிரிம் என்பது ஈசியூ தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது. ஷார்ட் டெர்ம் அந்தந்த நொடிக்கு, லாங் டெர்ம் பழக்கமாகிப் போனது. பத்துக்குள் ஆடினால் கவலை இல்லை. எனக்கு இரண்டும் சேர்ந்து 26. கணக்குப்படி 100 சொட்டு போட வேண்டிய இடத்தில் 126 போட்டுக்கொண்டிருக்கிறது.

அப்புறம் வீட்டு வாசலில் நிறுத்தி ஆக்சிலேட்டரை 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தேன். மொத்தம் +6-க்கு இறங்கிவிட்டது. விட்டால் மறுபடியும் இருபதுக்கு மேல். சென்சார் வோல்டேஜ் 0.1-க்கும் 0.8-க்கும் இடையே துள்ளிக்கொண்டிருக்கிறது, உயிரோடுதான் இருக்கிறது. புது சென்சார் ஆயிற்றே.

15 மே

என் பதிவுக்குப் பதில் எழுதிய எல்லோரும் ஒரே குரலில் 'வேக்குவம் லீக்' என்கிறீர்கள். ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) மெலிவு, வேகத்தில் சரி என்றால் அதுதான் பாடம். த்ராட்டிலுக்கு (காற்றைத் திறந்து மூடும் வால்வு) பின்னால் ஒரு ஹோஸ் விரிசல் விட்டிருந்தால், ஐடிலில் என்ஜின் இழுப்பதே கொஞ்சம் காற்று, அதில் திருட்டுக் காற்று பெரிய பங்கு. வேகத்தில் அந்தப் பங்கு சுருங்கிவிடும். சுமை ஏற ஏற மெலிவு அதிகமானால் அது வேறு கதை: பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர்.

நாளை கார்ப் க்ளீனர் அடித்துப் பார்க்கிறேன், கசியும் இடத்தில் பட்டால் என்ஜின் அதை உறிஞ்சி ஆர்பிஎம் மாறும். ஊதுபத்திப் புகையைக் காட்டச் சொன்ன பக்கத்து வீட்டு அண்ணாவுக்கு நன்றி, பெட்ரோல் வண்டியின் பானெட்டுக்குள் நெருப்பை நீட்டும் அளவுக்கு நான் இன்னும் வெறுத்துப்போகவில்லை.

16 மே

ஒரு கேன் கார்ப் க்ளீனர் காலி. இன்டேக் மேனிஃபோல்டு (என்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) ஓரம், பிசிவி ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ், எங்கே அடித்தாலும் ஆர்பிஎம் அசையவில்லை. (யாராவது செய்வதானால் எக்ஸாஸ்ட் பக்கம் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.) கை நாறுகிறது. அவ்வளவுதான் லாபம்.

19 மே

இடையில் ஒரு கிளைக்கதை, பலருக்கு உதவும். ஈரோட்டிலிருந்து மச்சான் போன். அவர் வண்டியில் பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் நாலு இக்னிஷன் காயிலும் (பிளக்குக்குக் கரண்ட் கொடுப்பவை) மாற்ற எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டில் போடுங்கள், கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள் என்றேன். மாலையில் பி0303 வந்துவிட்டது. கோளாறு காயிலோடு நடந்து போயிருக்கிறது. ஒரே ஒரு காயில் வாங்கினார். கோட் இரண்டிலேயே நின்றிருந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அந்த சிலிண்டரையே தோண்ட வேண்டியிருக்கும்.

விளக்கு சும்மா எரிவது வேறு, மினுக் மினுக் என்று அடிப்பது வேறு. அடித்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓரங்கட்டி நிறுத்துங்கள். மச்சான் அப்படியே பவானி வரைக்கும் போய் வந்திருக்கிறார். என்னத்தைச் சொல்ல.

21 மே

'பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு போய்விடுமே, எதற்கு இத்தனை ஆராய்ச்சி' என்று கேட்டவருக்கு: போகும். கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேம், லாங் டெர்ம் டிரிம் எல்லாம் போகும், தடயத்தைக் கழுவிவிட்டுத் திருடனைத் தேடுகிற மாதிரி. ஸ்கேனரில் அழித்தாலும் இதே கதைதான், அதனால் முதலில் எல்லா எண்களையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிக் கோளாறை ஈசியூ ஒரே முறை பார்த்ததும் விளக்கைப் போடாது. அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் பார்த்தால்தான் போடும். கோளாறு இல்லாமல் தொடர்ந்து மூன்று ஓட்டம் போனால் தானே அணைக்கும். அணைந்த பிறகும் கோட் உள்ளே இருக்கும், என்ஜின் 40 தடவை சூடேறி ஆறும்வரை. என் 'மூன்றாம் நாள்' மர்மம் இப்போது புரிகிறது. விளக்கை அணைத்தது புது சென்சார் இல்லை, ஒர்க்‌ஷாப்காரர் அமுக்கிய 'கிளியர்' பட்டன். டிரிம் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஏறி, இரண்டு ஓட்டம் பார்த்து, விளக்கைப் போட மூன்று நாள் ஆகியிருக்கிறது. 4,800 ரூபாய்க்கு ஒரு பட்டன் அமுக்கல்.

24 மே

15-ஆம் தேதி எழுதிய பாடத்தில் பெரிய ஓட்டை. கோயம்புத்தூர் உக்கடம் பக்கம் ஒரு எஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்ஷன்) மெக்கானிக் அண்ணன், ஐம்பது வயது இருக்கும். எண்களை எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். முதல் கேள்வி: "ஐடில் ஏறியிருக்குங்களா தம்பி?"

"இல்லைங்கண்ணா. 760, ஆடாம நிக்குது."

"மேப் எவ்வளவு காட்டுது?"

"31."

"அப்புறம் எங்கிருந்துங்க வேக்குவம் லீக்கு?"

எனக்குப் புரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்து விளக்கினார், எனக்குத்தான் அவர் வாங்கிக் கொடுத்தார். காற்றை அளக்க இரண்டு வழி உண்டு. சில வண்டிகளில் ஏர் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே ஒரு மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார், உள்ளே போகும் காற்றை வாசலில் நின்று எண்ணும். பின்வாசல் வழியாக வரும் காற்று அதன் கணக்கில் வராது, அதனால் மெலிவு. நம் ஊர் சின்ன கார்கள் பலவற்றில் அது கிடையாது, மேப் சென்சார்தான். அது மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்க்கிறது. எந்த வாசல் வழியாக வந்தாலும் காற்று காற்றுதான், அழுத்தத்தில் தெரியும், ஈசியூ அதற்கும் சேர்த்தே பெட்ரோல் போடும். கசிவு சிறிதென்றால் ஈசியூ த்ராட்டிலைக் கொஞ்சம் மூடிச் சமாளிக்கும். பெரிதென்றால் ஐடில் எகிறும். டிரிம் இருபதுக்குப் போகாது.

இணையத்தில் படிக்கும் பாடங்களில் பெரும்பாலானவை ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள அமெரிக்க வண்டிகளுக்கு எழுதியவை. என் வண்டியில் என்ன சென்சார் இருக்கிறது என்று பார்க்காமலே ஒரு கேன் க்ளீனரைத் தீர்த்தேன்.

"அப்ப என்னதான்ணா?" என்றேன். "பிளக் என்ன நிறம்?" என்றார். கரி என்றேன். சிரித்தார். "மெலிஞ்சு போன வண்டிக்குக் கரி எப்படிங்க வரும்?"

24 மே, இரவு

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். முதல் பதிவிலேயே இருக்கிறது. நானே கழற்றி, நானே பார்த்து, நானே துடைத்துப் போட்டிருக்கிறேன். கலவை மெலிந்தால் பிளக் வெளுத்திருக்கும். கரி என்றால் பெட்ரோல் அதிகம். மைலேஜும் அதையேதான் சொன்னது. வண்டி மெலியவே இல்லை, மெலிந்ததாக ஈசியூவை யாரோ நம்பவைக்கிறார்கள்.

26 மே

இ20 பெட்ரோல்தான் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) காரணம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று. எத்தனாலுக்கு 9 போதும். இ10 கலவைக்கு 14.1, இ20-க்கு ஏறக்குறைய 13.5. இ10-லிருந்து இ20-க்கு மாறினால் நாலு, நாலரை சதவீதம் கூடுதல் பெட்ரோல் தேவை. டிரிம் அந்த அளவுக்கு ஏறும், நியாயம்தான். இருபது ஏறாது. தவிர, எத்தனால் ஐடிலில் மட்டும் வேலை செய்துவிட்டு 2,500-இல் லீவு போடாது. பெட்ரோல் காரணம் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே அளவு தெரிய வேண்டும்.

கொஞ்சம் யோசித்த பிறகு: முழுவதும் தள்ளுபடி செய்யவும் முடியாது. ஏற்கெனவே வேறு காரணத்தால் கோட் விழும் எல்லைக்குப் பக்கத்தில் நின்ற வண்டியை இந்த நாலு சதவீதம் தள்ளிவிட்டிருக்கலாம்.

1 ஜூன்

கண்டுபிடித்தாயிற்று.

உக்கடம் அண்ணன் சொன்னது ஒரே வரி: "காலையில டிக் டிக்னு சொன்னீங்களே, அது டேப்பெட்டான்னு பாத்தீங்களா?" எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) கசிந்தாலும் அதே சத்தம்தான் வருமாம். ஆறிய இரும்பில் இடுக்கு திறந்திருக்கும், சூடேறி விரிந்தால் அடைத்துக்கொள்ளும், சத்தம் போய்விடும். சத்தம் போனாலும் கசிவு முழுக்கப் போகாது.

இதைச் சோதித்த விதம்தான் வீட்டில் ஒரு வாரத்துக்குப் பேச்சு. என்ஜின் முழுக்க ஆறியபின், வாக்குவம் க்ளீனரின் ஊதும் பக்கத்தை சைலன்சர் வாயில் வைத்து, இடைவெளியைப் பழைய வேட்டியால் சுற்றி அடைத்தேன். மேனிஃபோல்டின் ஹீட் ஷீல்டைக் கழற்றினேன், மூன்று போல்ட், ஒன்று துருவில் முறிந்தது. ஷீல்டுக்குப் பின்னால் நாலாவது சிலிண்டர் பக்கம், என்ஜின் ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் கோட்டில், கண்மை இழுத்த மாதிரி விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புத் தீற்றல். பாத்திரம் கழுவும் சோப்பு நீரை அங்கே ஸ்ப்ரே செய்தேன். க்ளீனரைப் போட்டதும் குமிழ் குமிழாக வந்தது. அம்மா வாசலில் நின்று, "காருக்கு வேட்டி கட்டி விட்டிருக்கான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எப்படி இது 'மெலிவு' ஆகிறது? எக்ஸாஸ்ட் ஒரே சீராக ஊதுவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறையும். ஐடிலில் அந்த இடைவெளி நீளம், அப்போது இடுக்கு வழியே வெளிக் காற்றை உள்ளே உறிஞ்சும். கீழே நிற்கும் ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து 'ஆக்சிஜன் மிச்சம், பெட்ரோல் போதவில்லை' என்று சொல்லும். ஈசியூ நம்பி ஊற்றும். வேகத்தில் துடிப்புகள் நெருங்கிவிடும், உறிஞ்ச நேரம் கிடையாது, டிரிம் இறங்கிவிடும். கரி, மைலேஜ், சத்தம், ஐடில், எல்லாம் ஒரே இடுக்கில் போய் முடிகிறது.

சென்சார் பொய் சொல்லவில்லை. பழையதும் சொல்லியிருக்காது.

7 ஜூன்

மேனிஃபோல்டைப் பிடிக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒன்று ஹெட்டுக்குள் முறிந்து நின்றிருந்தது. அதன்மேல் நட் வைத்து வெல்டு அடித்துத் திருகி எடுத்தார் அண்ணன். முதல் நட் வெல்டு விட்டுத் தனியே கழன்று வந்தது, இரண்டாவதும். மூன்றாவதில் 'க்ரீச்' என்று ஒரு சத்தம், எனக்கு உயிர் வந்தது. கேஸ்கெட் 380, ஸ்டட்டும் நட்டும் 160, கூலி 1,500. மேனிஃபோல்டு முகம் வளைந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார், வளையவில்லை. வளைந்திருந்தால் அதைச் சீவ வேண்டியிருக்குமாம்.

கோடை அழித்தேன், இப்போது அழிப்பதில் நியாயம் இருக்கிறது.

15 ஜூன்

210 கிலோமீட்டர் ஓடியாயிற்று. ஐடிலில் லாங் டெர்ம் +4. 2,500-இலும் +4. விளக்கு இல்லை. காலைச் சத்தமும் இல்லை. மைலேஜ் 15.5.

அந்த மிச்ச நாலு, இரண்டு இடத்திலும் ஒரே அளவு. 26 மே பதிவைப் பாருங்கள். இ20 கட்சிக்காரர்களுக்கு ஆறுதல் பரிசு.

18 ஜூன்

பழைய சென்சாரை ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கி வைத்திருந்தேன், அது நல்லதாகப் போயிற்று. அதற்குள் இருக்கும் ஹீட்டர் கம்பியின் மின்தடை 9 ஓம் காட்டுகிறது. நல்ல சென்சாரைத் தூக்கி எறிந்தோம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திருத்தம், அரை மணி நேரம் கழித்து: ஹீட்டர் நன்றாக இருந்தால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். சென்சாரும் நல்லதா என்று தெரிய அதைத் திரும்ப மாட்டி வோல்டேஜ் துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. மேஜையில் மின்கட்டண ரசீதுகள் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

2 ஜூலை

2009 மாடலில் இதெல்லாம் முடியுமா என்று கேட்டவருக்கு: நம் நாட்டில் ஓபிடி (வண்டி தன் கோளாறைத் தானே பதிந்து சொல்லும் ஏற்பாடு) முதல் கட்டம் 2010 ஏப்ரலில், ஓபிடி2 2013 ஏப்ரலில் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டியில் சாக்கெட் இருக்கலாம், ஆனால் உள்ளே பேசும் பாஷை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மலிவு டாங்கிள் பேசாது.

பி0420 (கன்வெர்ட்டரின் திறன் குறைவு) வந்து கன்வெர்ட்டர் மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியவரே, பணம் கட்டுவதற்கு முன் சோப்பு நீர் வாங்குங்கள். சென்சார்களுக்குப் பக்கத்தில் எக்ஸாஸ்ட் கசிந்தால் அந்தக் கோடும் வரலாம். வேட்டி உங்களுடையது.

19 அக்டோபர்

மறுபடியும் விளக்கு.

கை நடுங்க டாங்கிளை மாட்டினேன். பி0171 இல்லை. பி0113: உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை சென்சார், சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம். நேரடி எண்ணைப் பார்த்தேன். மைனஸ் 40. ஐப்பசி மழை குளிர்தான், அதற்காகக் கோயம்புத்தூரில் மைனஸ் 40 கிடையாது. ஒயர் அறுந்தால் இந்த சென்சார் கீழ் எல்லையில் போய் நின்றுகொள்ளும்.

மச்சானுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். சென்டிகிரேடா, ஃபாரன்ஹீட்டா என்று கேட்டார். அந்த ஒரு எண்ணில் இரண்டும் ஒன்றுதான் என்றேன்.

பானெட்டைத் திறந்தால் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு மேல் பாதி தின்ற முறுக்கு. பக்கத்தில் ஒயரை இரண்டாகக் கடித்து வைத்திருக்கிறது எலி. தீபாவளிப் பலகாரம் எங்கள் வீட்டுடையதுதான், அம்மா அடையாளம் சொல்லிவிட்டார். ஒயரை இணைத்து டேப் சுற்றினேன். பாகம் எதுவும் மாற்றவில்லை.